ஹேவ், ஹேட், ஒரு கிணறு: ஆங்கில முற்றுக்காலங்களின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1990களின் நடுப்பகுதியில் தென்மாவட்டக் கிராமம் ஒன்றுக்கு உண்மை அறியும் குழு போய்வந்தது. அங்கே பெண்களிடம் பதிவுசெய்த வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள் குழுவில் இருந்தார்கள். அந்த ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் பிடிபடவில்லை என்பதால் ஒலிநாடாக்கள் என் தலையில் விழுந்தன. ஒரு நாடாவில் ஒரு அம்மா சொல்கிறார்: “எங்க கெணத்துல மண்ணெண்ணெய ஊத்தியிருக்காங்க.” ‘தே ஹேவ் போர்ட்’ என்று தட்டச்சு செய்து கொடுத்தேன். அறிக்கையைச் செப்பனிட்ட நண்பர் சிவப்பு மையால் ‘ஹேவ்’வை அடித்துவிட்டு மேலே ‘ஹேட்’ என்று எழுதினார்.

ஏன் என்று கேட்டேன். “‘ஷீ ஸ்டேட்டட்’னு ஆரம்பிச்சாச்சுன்னா அப்புறம் எல்லாமே ஒரு படி பின்னால போகணும். அதான் ரூல்” என்றார். ரூல்தான். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது நிகழ்காலம் இறந்தகாலமாகும், ‘ஹேவ்’ ‘ஹேட்’ ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து நெட்டுருப் போட்டதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அந்த அறிக்கையைப் படித்த வழக்கறிஞர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டார். “இப்ப கெணறு சுத்தமாயிடுச்சா?” “இந்தம்மா ஊத்தும்போது பக்கத்துல நின்னு பாத்தாங்களா?” இரண்டுக்கும் அந்த அம்மாவின் வாக்கியத்திலேயே பதில் இருந்தது. ஆங்கிலத்தில் அது இல்லாமல் போயிருந்தது. ‘ஊத்தியிருக்காங்க’ என்றால், ஊற்றும்போது நான் பார்க்கவில்லை, நாற்றத்தை வைத்துச் சொல்கிறேன், நாற்றம் இந்த நிமிஷமும் இருக்கிறது என்று பொருள். காலையில் எழுந்து ஈரமான வாசலைப் பார்த்து “ராத்திரி மழ பெஞ்சிருக்கு” என்று சொல்கிறோமே, அந்த வாக்கியத்தின் உடன்பிறப்பு இது. பார்த்திருந்தால் ‘ஊத்துனாங்க’ என்று சொல்லியிருப்பார். ‘ஹேட் போர்ட்’ அவரைக் கண்ணால் கண்ட சாட்சியாக்கியது, கூடவே கிணற்றையும் சுத்தமாக்கிவிட்டது. முழு நேர்மையோடு சொன்னால் என்னுடைய ‘ஹேவ்’வும் பாதிதான் காப்பாற்றியது. ‘இப்போது’ என்பது அதில் தப்பியது, அனுமானம் தப்பவில்லை.

அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களின் வரலாற்றை விட்டு விட்டுத் தேடி வாசித்துவருகிறேன். இலக்கணம் நடுநிலையானது, அரசியல் அதற்கு வெளியே நடக்கிறது என்று நினைக்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

*

‘ஹேவ்’ என்றால் உடைமை. பழைய ஆங்கிலத்தில் இந்த அமைப்பு உடைமை வாக்கியமாகத்தான் தொடங்கியது. அவனைக் கட்டுண்டவனாக நான் வைத்திருக்கிறேன் என்ற பொருளில், ‘கட்டுண்ட’ என்ற சொல் பெயரடையைப் போலச் செயப்படுபொருளோடு ஒத்து நிற்கும் வாக்கியங்கள் கிடைக்கின்றன. நம் பேச்சில் “அவனக் கட்டி வெச்சிருக்கேன்” என்பதற்கு மிக அருகில் வரும். கட்டியது நானா வேறொருவரா என்பது அங்கே முக்கியமில்லை, அவன் இப்போது என் கையில் இருக்கிறான் என்பதே செய்தி. பிறகு சொல்வரிசை மாறியது, ஒப்பு விகுதிகள் உதிர்ந்தன, ‘வைத்திருக்கிறேன்’ என்பதிலிருந்து ‘வைத்தல்’ கரைந்து போனது. கடைசியில் கையில் வைத்துக்கொள்ள எதுவுமே இல்லாத ‘தூங்குதல்’ போன்ற வினைகளோடும் ‘ஹேவ்’ சேர்ந்தது. அதன் இறந்தகால வடிவமான ‘ஹேட்’டும் இதே வழியில் வந்ததுதான். அதற்கு முன்பு, ஒரு இறந்த நிகழ்ச்சிக்கும் முந்திய நிகழ்ச்சியைச் சொல்லச் சாதாரண இறந்தகாலத்தோடு ‘முன்’ என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தாலே போதுமாக இருந்தது.

‘போ’, ‘வா’ போன்ற வினைகளுக்கு ‘ஹேவ்’ அல்ல, ‘பி’ என்ற இருத்தல் வினைதான் வெகுகாலம் துணையாக நின்றது. 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும்கூட ‘ஹீ ஈஸ் கம்’ என்று எழுதினார்கள். பிறகு ‘ஹேவ்’ எல்லாவற்றையும் விழுங்கியது. தமிழில் ‘ஹேவ்’வுக்கு ஈடான வினையே கிடையாது. ‘எனக்கு இருக்கு’, ‘என்கிட்ட இருக்கு’ என்கிறோம். நம் முற்று அமைப்பும் ‘இரு’ என்பதிலிருந்துதான் எழுகிறது. அவர்களுடையது உடைமையின் இலக்கணம், நம்முடையது இருத்தலின் இலக்கணம் என்று ஒரு வாக்கியம் எழுதிக் கைதட்டு வாங்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாளியம் தலைகாட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ‘ஹேவ்’ துணைவினையாகிவிட்டது. பிரெஞ்சும் ஜெர்மனும் இதே காரியத்தைச் செய்திருக்கின்றன. எமில் பென்வெனிஸ்த் 1960இல் எழுதிய ஒரு கட்டுரை, உடைமை வினை இல்லாத மொழிகளே உலகில் பெரும்பான்மை என்றும், ‘ஹேவ்’ என்பது திருப்பிப் போட்ட ‘இரு’தான் என்றும் காட்டுகிறது. நமக்கு அது போதும்.

பெயர் சூட்டியது லத்தீன். ‘பெர்ஃபெக்டும்’ என்றால் முற்றுப்பெற்றது. ‘ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்டும்’ என்றால் முற்றியதைவிடவும் அதிகமாக முற்றியது! 1653இல் ஜான் வாலிஸ் ஆங்கிலத்துக்கு ஒரு இலக்கணம் எழுதினார். ஆங்கில வினைக்கு இரண்டே காலம்தான், மற்றதெல்லாம் துணைவினைகளின் வேலை, லத்தீன் சட்டையை இதற்கு மாட்டாதீர்கள் என்றார். சொன்னது லத்தீனில். 1795இல் லிண்ட்லி மர்ரே இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய இலக்கணத்தில் காலங்கள் ஆறாக நிற்கின்றன. அச்சாகிப் பரவியது மர்ரேயின் இலக்கணம்தான். அந்த மரபின் நீட்சியாக நம் வகுப்பறைக்கு ரென் அண்ட் மார்ட்டின் வந்தது, பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை வந்தது. ‘டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டிருந்தார்’ என்ற வாக்கியமும் வந்தது. தமிழ்நாட்டின் கரும்பலகைகளில் அந்த நோயாளி எத்தனை தடவை செத்திருப்பார் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட டாக்டர் முன்னால் வந்ததில்லை.

*

இந்த வடிவங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெளிவாகச் சொன்னவர் ஹான்ஸ் ரைக்கன்பாக். 1933இல் நாஜிகள் பெர்லின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றிய தத்துவவாதி. இஸ்தான்புல்லில் ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டு 1938இல் லாஸ் ஏஞ்சலிஸ் போனார். 1947இல் வந்த தர்க்கவியல் நூலில் சில பக்கங்களை வினைக்காலத்துக்கு ஒதுக்கினார். நிகழ்ச்சி ஒரு புள்ளி, பேசும் நேரம் ஒரு புள்ளி. இரண்டு போதாது, எங்கே நின்று பார்க்கிறோம் என்ற மூன்றாவது புள்ளியும் வேண்டும் என்றார். சாதாரண இறந்தகாலத்தில் பார்வைப்புள்ளி நிகழ்ச்சியோடு சேர்ந்து பின்னால் கிடக்கிறது. பிரசன்ட் பெர்ஃபெக்டில் நிகழ்ச்சி பின்னால் நடந்தது, பார்வைப்புள்ளி பேசுகிறவரின் காலடியில் இருக்கிறது. பாஸ்ட் பெர்ஃபெக்டில் மூன்றும் மூன்று இடம். பேசுகிறவர் இங்கே, பார்வைப்புள்ளி அங்கே, நிகழ்ச்சி அதற்கும் அப்பால்.

ஆக, ‘ஹேவ்’ ‘ஹேட்’ ஆனபோது கிணற்றில் மண்ணெண்ணெய் விழுந்த நேரம் மாறவில்லை. நகர்த்தப்பட்டது அந்த அம்மா நின்ற இடம்.

பென்வெனிஸ்த் 1959இல் பிரெஞ்சு வினைக்காலங்களைப் பற்றி எழுதியபோது இதை வரலாற்று எழுத்துக்கே கொண்டுபோனார். கூற்று இரண்டு வகைப்படும் என்றார். ஒன்று வரலாறு, இன்னொன்று சொல்லாடல். வரலாற்றில் ‘நான்’, ‘நீ’, ‘இங்கே’, ‘இப்போது’ எதுவும் கிடையாது. யாருமே பேசவில்லை, சம்பவங்கள் தம்மைத் தாமே சொல்லிக்கொள்கின்றன என்பது போன்ற தோற்றம் வரவேண்டும். ஆகவே எளிய இறந்தகாலத்துக்கு அங்கே இடமுண்டு, இறந்ததற்கும் இறந்ததான ‘ஹேட்’ வகைக்கும் இடமுண்டு, ‘ஹேவ்’ வகை முற்றுக்குக் கதவு சாத்தப்படுகிறது. ஏனெனில் அதற்குள் ஒரு ஆள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். நம் வரலாற்றுப் பேராசிரியர்கள் சாட்சியங்களைப் பார்த்து முகம் சுளிப்பதன் இலக்கணக் காரணத்தை எனக்கு விளங்கவைத்தது இந்தக் கட்டுரைதான். ஆங்கிலத்துக்கு இதை அப்படியே பெயர்த்து ஒட்டிவிட முடியாது. பேச்சு பிரெஞ்சில் முற்று வடிவமே சாதாரண இறந்தகாலத்தின் வேலையைப் பார்க்கிறது, ஆங்கிலத்தில் அப்படியில்லை. ஆனாலும் ‘ஹேவ்’வுக்குள் பேசுகிறவர் ஒருவர் நிற்கிறார் என்ற விஷயம் இரண்டு மொழிக்கும் பொது.

அந்த ஆள் யார் என்பதில்தான் சண்டை.

1776 ஜூலை 4 அன்று நிறைவேறிய அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் மன்னரின் வரலாறு திரும்பத் திரும்ப இழைத்த தீங்குகளின் வரலாறு என்று சொல்லிவிட்டு ஒரு குற்றப்பட்டியல் தொடங்குகிறது. ‘வரலாறு’ என்றுதான் பெயர், ஆனால் பத்திக்குப் பத்தி ‘ஹீ ஹேஸ்’, ‘ஹீ ஹேஸ்’ என்றே போகிறது. சட்டங்களுக்கு இசைவு மறுத்திருக்கிறார், சபைகளைக் கலைத்திருக்கிறார், நம் கடல்களைச் சூறையாடியிருக்கிறார். ஒன்றும் முடிந்துபோகவில்லை, எல்லாம் இப்போது எங்கள் மேல் கிடக்கிறது என்பதே அந்த வடிவத்தின் வாதம். போராடுகிறவர்களின் காலம் அது. சாதாரண இறந்தகாலத்தில் எழுதியிருந்தால் பழைய குறைகளின் ஜாப்தாவாகப் போயிருக்கும்.

தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய வரைவில் இன்னொரு ‘ஹேஸ்’ இருந்தது. தொலைதூரத்து மக்களைப் பிடித்து அடிமைகளாக்கி இன்னொரு கண்டத்துக்கு அனுப்பியதன் மூலம் மன்னர் மனித இயல்பின் மீதே போர் தொடுத்திருக்கிறார் என்ற நீண்ட பத்தி. மாநாடு அதை வெட்டிவிட்டது. ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். வெட்டாமல் விட்டது, எல்லையோரத்துப் பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று அழைத்து அவர்களை நம்மேல் ஏவிவிட முயன்றிருக்கிறார் என்ற பத்தியை. ‘நம்மேல்’ என்பதுதான் இங்கே கொக்கி. பிரசன்ட் பெர்ஃபெக்டின் ‘இப்போது’ எல்லோருக்கும் பொதுவான இப்போது அல்ல. தோட்டத்தில் அடிபட்டுக்கொண்டிருந்தவருடைய ‘இப்போது’ அந்தக் காகிதத்தில் இல்லை. ‘ஹேவ்’வை எழுதும் உரிமை யாருக்கு என்ற கேள்வி ‘ஹேவ்’வுக்கு வெளியேதான் தீர்மானமாகிறது.

இதனால் ‘ஹேட்’ எதிரியின் சொல், ‘ஹேவ்’ நம் சொல் என்று கோடு கிழிக்கக்கூடாது. நானும் கொஞ்ச நாள் அப்படிக் கிழித்துக்கொண்டு அலைந்தேன். அதைக் கலைத்தது ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 அன்று அங்கே சுட்டதைப் பற்றி ஹண்டர் குழு அதே ஆண்டு நவம்பரில் டயரை விசாரித்தது. திடலுக்கு வரும் வழியிலேயே, கூட்டம் இருந்தால் சுடுவது என்று முடிவெடுத்துவிட்டதாக டயர் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கை ஏதும் கொடுக்காமல் சுட்டார். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் எடுத்த முடிவு என்று தப்பிக்க இடமில்லாமல் செய்தது எது? இறந்த சம்பவத்துக்கும் முந்திய ஒரு புள்ளியைக் குத்திக் காட்டக்கூடிய காலம்தான். வந்தார், சுட்டார் என்பது வெறும் வரிசை. முன்பே முடிவு செய்திருந்தார் என்பது குற்றம். அரசுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, ஆயுதம் முதல் நாளே வந்திருந்தது, மின்சாரம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது: எந்தக் கலவர விசாரணையிலும் உயிர்நாடி இந்த வாக்கியங்கள். முறையிடுகிறவருக்கு ‘ஹேவ்’ வேண்டும், வழக்கு நடத்துகிறவருக்கு ‘ஹேட்’ இல்லாமல் முடியாது.

*

ஆஸ்திரேலியாவில் இந்த விவகாரம் நாடாளுமன்றத்துக்கே போயிற்று. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொள்கை பற்றிய அறிக்கை 1997இல் வந்தது. அதற்கு முன்பே, 1992 டிசம்பர் 10 அன்று சிட்னியின் ரெட்ஃபெர்னில் பிரதமர் பால் கீட்டிங் பேசினார். நிலங்களை நாம் எடுத்துக்கொண்டோம், நோய்களை நாம் கொண்டுவந்தோம், குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து நாம் பிடுங்கினோம் என்ற தொனியில், எல்லாம் மொட்டையான இறந்தகாலத்தில். 1999 ஆகஸ்ட் 26 அன்று ஜான் ஹோவர்டு கொண்டுவந்த தீர்மானம் மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர்த்தது, வருத்தம் தெரிவித்தது. கடந்த தலைமுறைகளின் நடைமுறைகளால் பூர்வகுடிகள் அநீதிகளுக்கு ஆளானார்கள் என்றது. ஆளானது இறந்தகாலம். அதன் விளைவான வலியைத் தொடர்ந்து உணர்கிறார்கள் என்பது மட்டும் நிகழ்காலம். செய்தவர்கள் போய்விட்டார்கள், வலிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நடுவில் பாலம் இல்லை. 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் மன்னிப்புக் கேட்டபோதுதான் ‘ஹேவ்’ வந்தது. அடுத்தடுத்து வந்த நாடாளுமன்றங்களின், அரசுகளின் சட்டங்களும் கொள்கைகளும் துயரத்தை இழைத்திருக்கின்றன என்றார். ஹோவர்டு அறுத்த கயிற்றை அந்த ஒரு துணைவினை முடிந்தது.

ஆனால் எழுவாயைக் கவனியுங்கள். இழைத்தது சட்டங்களும் கொள்கைகளும். கீட்டிங்கிடம் ‘ஹேவ்’ இல்லை, ‘நாம்’ இருந்தது. ரட்டிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ‘நாங்கள்’ உண்டு, பிடுங்கியதற்கு ‘நாங்கள்’ இல்லை. என்னிடம் கேட்டால் ரெட்ஃபெர்ன் பேச்சின் பக்கம்தான் நிற்பேன். காலத்தைச் சரியாகப் போட்டுவிட்டு எழுவாயை ஒளித்துவைக்கும் வித்தையை நம் ஊர் அரசாணைகளில் நிறையப் பார்த்தாயிற்று.

அதே ஆஸ்திரேலியாவில் ‘ஹேவ்’வைத் தாராளமாகப் புழங்குகிற இன்னொரு கூட்டமும் உண்டு: போலீஸ். அங்குள்ள போலீஸ் செய்திக்குறிப்புகள் ஒரு சம்பவத்தைக் கதையாகச் சொல்லும்போதே பிரசன்ட் பெர்ஃபெக்டில் சொல்கின்றன. ஆள் கடைக்குள் நுழைந்திருக்கிறார், பிறகு கத்தியைக் காட்டியிருக்கிறார், பிறகு ஓடியிருக்கிறார் என்று. ஆங்கில இலக்கணப்படி இது கூடாது. மொழியியலாளர் மாரி-ஈவ் ரிட்ஸ் 2010இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். சம்பவ இடத்தில் தடயங்களுக்கு நடுவே நின்றுகொண்டு சொல்வது போன்ற ஒரு பாவனை அந்த வடிவத்தில் இருக்கிறது. எனக்கு அதைப் படித்ததும் நம் காவல்நிலையத்துத் தமிழ்தான் காதில் விழுந்தது.

*

தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலம் எழுதும்போது எங்கே வழுக்குகிறோம் என்று பார்த்தால், இந்த இரண்டு இடத்திலும்தான். “நேத்து அவனப் பாத்திருக்கேன்” என்பது நமக்கு இயல்பு. ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே’ என்றால் வாத்தியார் காதைத் திருகுவார். ‘ஹேவ்’வோடு ‘நேற்று’ சேராது என்ற தடை இன்றைய ஆங்கிலத்தின் தடை. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது இத்தனை இறுக்கமாக இல்லை. “போன வாரம் மெட்ராஸ் போயிருந்தேன்” என்பதை ‘ஐ ஹேட் கான்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலேயர் காதுக்கு எதற்கு முன்பு போனாய் என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும். நம் ‘இருந்தேன்’ எதற்கும் முன்பு அல்ல. போனேன், அங்கே இருந்தேன், திரும்பியாயிற்று, அந்த நிலை இப்போது இல்லை என்று சொல்கிறது. இந்தியும் இப்படித்தான் செய்கிறது. இதை இந்திய ஆங்கிலத்தின் பிழை என்று பட்டியல் போடுகிறார்கள். பிழை என்பதைவிட இன்னொரு இலக்கணத்தின் நிழல் என்று சொல்லலாம்.

நிழல் என்று சொல்லிச் சும்மா இருந்துவிடவும் முடியாது. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். கீழே தமிழில் சொன்னது மேலே போகும்போது ஆங்கிலமாகியே தீரவேண்டும். அதற்கு முன்னாலேயே இன்னொரு பெயர்ப்பு நடந்துவிடுகிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியத்தைச் சாதாரணமாக எடுத்துரைப்பு வடிவில் எழுதவேண்டும் என்றது (2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வேறு சட்டம் வந்துவிட்டது). வக்கீல் கேட்ட கேள்வி மறைந்துவிடும், சாட்சி தானாகவே வரிசையாகச் சொன்னது போல ஒரு கதை மிஞ்சும். பென்வெனிஸ்தின் சொல்லாடல் பென்வெனிஸ்தின் வரலாறாக மாறும் இடம் அதுதான். ‘ஊத்துனாங்க’, ‘ஊத்தியிருக்காங்க’, ‘ஊத்திட்டாங்க’, ‘ஊத்தியிருந்தாங்க’ என்று நான்கு விதமாகச் சொல்லக்கூடிய ஒருவரின் வாயிலிருந்து ஒரே விதம் வெளியே வரும். இந்த நான்கில் ‘ஊத்திட்டாங்க’ என்பதற்குள் இருக்கும் ‘போச்சே’ என்ற பதைப்புக்கு எந்த ஆங்கிலக் காலத்தைப் போடுவீர்கள்? நான் ‘ஹேவ்’ போடுகிறேன், பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டுவைக்கிறேன்.

நண்பரின் சிவப்பு மை பட்ட அந்தத் தட்டச்சுப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பின்வந்த வேலைகளில் ‘ஷீ ஸ்டேட்டட்’ போடுவதை விட்டுவிட்டேன். சொன்னதை மேற்கோள் குறிக்குள் நேர்க்கூற்றாகவே கொடுத்து, பார்த்ததா ஊகித்ததா என்று அடைப்புக்குள் ஒரு சொல் சேர்க்கிறேன். பக்கம் கூடுகிறது, அறிக்கை போல இல்லை என்று திட்டு விழுகிறது. பழைய பிரதியைச் சமீபத்தில் எடுத்துப் பார்த்தபோது அன்று நான் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. ‘ஹேட்’டுக்கு அடுத்த வரி முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ‘அன்நெஸஸரி’ என்று நண்பரின் கையெழுத்து. ஏவல் வாக்கியத்தை அயற்கூற்றாக மாற்றினால் அசடு வழியும் என்று நினைத்திருப்பார். நாடாவில் அந்த அம்மா மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் சொன்னது அது.

“வந்து மோந்து பாருங்க சார்.”